பல்கலைக்கழகங்களும் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறலும்: ஊவா மலைநாடு தரும் படிப்பினைகள்

திருக்குறளின் பொருட்பாலிலே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. தன்னைத் திருத்தவல்ல சான்றோரைத் தேடித் துணையாக்கிக் கொள்ளாத அரசன், அழிப்பதற்குப் பகைவர் எவரும் இல்லாதவிடத்தும் தானாகவே அழிந்துபடுவான் என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் கருத்துக்களுள் ஒன்று. முடியாட்சி போய்க் குடியாட்சி வந்துவிட்ட இக்காலத்தும் இக்கருத்து பழையதாகிவிடவில்லை. அணை கட்டுவதா, எவ்வுரத்தை இடுவது, எம்மலைச் சரிவிலே மக்கள் குடியிருக்கலாம் என்பன போன்ற வினாக்களுக்கு மந்திரிமாரோ பாராளுமன்ற உறுப்பினரோ தாமாக விடைகாண இயலாது. அவ்விடைகளைத் தரத்தக்கோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலேதான் இருக்கின்றனர்.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குவன. அவற்றின் ஆசிரியர் பெறும் ஊதியம் அரசாங்கத்தின் பணமே. அரசாங்கத்திடம் ஊதியம் பெறும் ஒருவர் அவ்வரசாங்கத்தையே திருத்துவது எவ்வாறு? அவர் நேர்மையுள்ளவராயின் திருத்துவார் என்பது எளிய விடை. அது போதிய விடையன்று. ஆலோசனையின் சுதந்திரம் ஆலோசகரின் நற்குணத்தால் மாத்திரம் உண்டாவதில்லை. கேள்வியை யார் கேட்கின்றார், எப்பொழுது கேட்கின்றார், செலவை யார் கொடுக்கின்றார், விடையை யார் வாசிக்கின்றார் என்னும் ஏற்பாடுகளிலேயே அது பெரிதும் தங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை விளக்குவதற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நம் ஊவா மலைகளே அதற்குத் தக்க சான்றுகளைத் தருகின்றன.

ஆலோசனை செல்லும் வழிகள்

பல்கலைக்கழகத்தின் அறிவு அரசாங்கத்தை அடையும் வழிகள் நான்கெனக் கூறலாம். முதலாவது, அரசாங்கம் அமைக்கும் ஆணைக்குழுக்களிலும் நிபுணர் குழுக்களிலும் பேராசிரியர்கள் உறுப்பினராவது. இரண்டாவது, ஒரு குறித்த வேலைக்கெனக் கூலி பேசி ஓர் ஆய்வைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பது. மூன்றாவது, அறிஞர் கழகங்கள் போன்ற நிலையான அமைப்புக்கள் வழியே கருத்துக் கூறுவது. நம் நாட்டிலே தேசிய விஞ்ஞானக் கழகமும், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய விஞ்ஞான தொழில்நுட்ப ஆணைக்குழுவும் இவ்வகையைச் சார்ந்தவை. நான்காவது, எவரும் கேளாதிருக்கவும் ஆசிரியர்கள் தாமே முன்வந்து எச்சரிப்பது.

இந்நான்கிலும் சுதந்திரத்தின் அளவு ஒன்றன்று. குழுவிலே உறுப்பினரைத் தெரிவு செய்பவர் மந்திரியாயின், விடையின் ஒரு பகுதி தெரிவிலேயே அடங்கிவிடுதல் கூடும். கூலிக்கு நடக்கும் ஆய்விலே, எதை ஆராய்வது என்னும் எல்லையைக் கூலி கொடுப்பவரே வரைகின்றார். கேளாமற் கூறும் எச்சரிக்கை முற்றும் சுதந்திரமானது. ஆனால் அதற்குச் செவிசாய்க்க வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. எனவே சுதந்திரமும் செல்வாக்கும் ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவதைக் காண்கின்றோம். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு பழைய உதாரணம்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் அரசாங்க ஆலோசனையின் வரலாறும் தொடக்கத்திலேயே பின்னிக் கிடக்கின்றன. 1941-இலே பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக வந்து, 1942-இலே புதிய பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்டத்திலே உலகறிந்த அறிஞர். டி. எஸ். சேனநாயக்காவுக்கு அவர் ஆலோசகராக விளங்கினார். 1944-இல் வெளிவந்த மந்திரிமாரின் அரசியலமைப்பு வரைவிலே அவருடைய பங்கு பெரிது. சோல்பரி ஆணைக்குழு வந்து பகிரங்க விசாரணை நடத்தியது உண்மையே. எனினும் அவ்வரைவே பின்னர் வந்த அரசியலமைப்பின் அடித்தளமாயிற்று.

அவ்வரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ மாத்திரம் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விதித்தது. சிறுபான்மையோர்க்கு அது கவசமாகும் என்று பலர் நம்பினர். ஆனால் சுதந்திரம் கிடைத்த அதே 1948-இலே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. கோடகன் பிள்ளை வழக்கிலே 1953-இல் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இவற்றுக்கெல்லாம் ஜெனிங்ஸ் பொறுப்பாளி என்பது நியாயமாகாது. நாம் கொள்ளவேண்டிய படிப்பினை வேறு. ஓர் அறிஞர், எத்துணைப் புலமை உடையவராயினும், ஒரு தலைவருக்கு அணுக்கமாயிருந்து தனிப்பட்ட முறையிலே கூறும் ஆலோசனை, அத்தலைவர் கேட்கும் வினாக்களுக்கே விடையாகும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வரையறைச் சொற்கள் போதிய காவலாகுமா என்று கேட்டுப் பதில் பெறும் வாயில் அத்தகைய ஏற்பாட்டில் இல்லை.

உமா ஓயா: காலங் கடந்த கேள்வி

இனி நம் கண்முன்னே நிகழ்ந்ததற்கு வருவோம். மகாவலியின் கிளைகளுள் ஒன்றாகிய உமா ஓயாவை மறித்து, அதன் நீரை மலையைக் குடைந்து தென்கிழக்கே வெல்லவாயப் பக்கம் திருப்பி, வழியிலே 120 மெகாவாற் மின்சாரமும் பெறுவது உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தின் நோக்கம். புகுல்பொலவிலும் டயரபாவிலும் இரண்டு அணைகள். டயரபாவிலிருந்து நிலத்தடி மின்னிலையத்தை நோக்கி ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம். ஈரானிய நிறுவனம் ஒன்று வேலையை ஏற்றது. 2008 ஏப்ரலிலே ஈரானிய சனாதிபதி அஹ்மதிநெஜாத் நம் நாட்டுக்கு வந்து தொடக்க விழாவிலே கலந்துகொண்டார்.

1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் அதன் 1988-ஆம் ஆண்டுத் திருத்தமும், இத்தகைய பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு இன்றியமையாதது என விதிக்கின்றன. அம்மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலைநாட்கள் வைக்கப்படவும் வேண்டும். உமா ஓயாத் திட்டத்துக்கான அறிக்கையைத் தயாரித்தவர்கள் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார். அறிவு உள்ள இடத்திலேதான் அறிவு கேட்கப்பட்டது. ஆனால் அது கேட்கப்பட்ட காலத்தைக் கவனித்தல் வேண்டும். ஒப்பந்தமும் தொடக்க விழாவும் முடிந்த பின்னரே அறிக்கை வந்தது. இத்திட்டம் நடைபெறலாமா என்னும் வினா அப்பொழுது திறந்த வினாவாக இருக்கவில்லை. நடைபெறப் போகும் திட்டத்துக்கு எந்நிபந்தனைகள் விதிக்கலாம் என்பதே எஞ்சியிருந்தது. அன்றியும், மதிப்பீட்டின் செலவைத் திட்டத்தை முன்வைப்பவரே ஏற்பது நம் நாட்டு முறை. இங்கே திட்டத்தை முன்வைத்ததும் அரசாங்கம். அனுமதி வழங்கியதும் அரசாங்கத்தின் அதிகாரசபை. கேட்டவர், கொடுத்தவர், ஏற்றவர் ஆகிய மூவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இவ்வாறு கூறுவது அறிக்கை எழுதிய ஆசிரியரின் நேர்மையை ஐயுறுவதாகாது. மிக நேர்மையானவரும் இத்தகைய ஏற்பாட்டிலே அரைக்குரலிலேயே பேச நேரும் என்பதே கருத்து.

2014 டிசம்பரிலே சுரங்கம் தோண்டிய இயந்திரம் நீர் நிறைந்த பாறைப் பிளவுகளை வெட்டியது. மலையின் உட்புறம் ஒரே கற்பாளமன்று. அதன் பிளவுகளிலே பல்லாண்டு மழைநீர் தேங்கி நிற்கின்றது. நம் கிணறுகளும் ஊற்றுக்களும் தோட்டத்துப் பீலிகளும் அந்நீரின் மேல்விளிம்பே. அப்பிளவுகளைச் சுரங்கம் குறுக்கே வெட்டும்பொழுது அது ஒரு பெரிய வடிகாலாகிவிடுகின்றது. நிலத்தடி நீர்மட்டம் இறங்குகின்றது, கிணறு வற்றுகின்றது, நீரை இழந்த மண் இறுகி அமிழ்கின்றது, அதன்மேல் நின்ற சுவர் வெடிக்கின்றது. பண்டாரவளை, எல்லப் பகுதிகளிலே ஆயிரக்கணக்கான வீடுகள் இவ்வாறு சேதமுற்றன. 2017 யூனிலே பண்டாரவளையிலே மக்கள் திரண்டு கிளர்ச்சி செய்தனர். அதன் பின்னரே மந்திரிசபை மட்டத்திலே ஆராய்வும், வெளிநாட்டு நிபுணரை அழைக்கும் முயற்சியும் விரைவு பெற்றன. திட்டம் ஈற்றில் 2024 ஏப்ரல் 24-ஆந் தேதி திறந்து வைக்கப்பட்டது.

சுரங்கம் செல்லும் வழியெங்கும் துளையிட்டுப் பாறையின் தன்மையை முன்னரே அறிதல் செலவும் காலமும் மிக்க வேலை. அச்செலவு வீண்செலவாகத் தோன்றுவது, வழி ஏலவே முடிவு செய்யப்பட்டுவிட்டபொழுதுதான். வழி இன்னும் தீர்மானிக்கப்படாத நிலையிலே அதே செலவு பெருஞ் சேமிப்பாகத் தோன்றும். ஆலோசனையின் பெறுமதி அதன் நுட்பத்தில் மாத்திரமன்றி அது கேட்கப்படும் வேளையிலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உரத் தடை: கேளாமற் கூறிய எச்சரிக்கை

2021 ஏப்ரலிலே இரசாயன உர இறக்குமதியை நிறுத்த மந்திரிசபை தீர்மானித்தது. மே 6-ஆந் தேதி வர்த்தமானி வெளிவந்தது. சேதன விவசாயத்துக்குப் பத்தாண்டுகளிலே படிப்படியாக மாறுவதாக 2019-ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் வாக்களிக்கப்பட்டிருந்தது. பத்தாண்டு வேலை ஒரு பருவத்திலே செய்து முடிக்கப்படலாம் என்று எண்ணப்பட்டமையே தவறு.

இது தவறாகும் என்பதை அறிய ஆழ்ந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. தேயிலைச் செடியிலே நாம் பறிப்பது இலையையே. கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் செடி நைதரசனை இழக்கின்றது. இழந்ததை ஈடு செய்தாலன்றி மீண்டும் தளிர்க்காது. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவிலோ ஒன்று அல்லது இரண்டு பங்கு. ஆகவே 100 கிலோ யூரியா தரும் நைதரசனைக் கூட்டெருவாகத் தரவேண்டுமாயின், 2,300 முதல் 4,600 கிலோ வரை மலைச் சரிவிலே சுமந்து ஏற்றவேண்டும். அவ்வளவு எருவும் நாட்டில் இருக்கவில்லை. அதனைச் சுமக்கும் தோள்களும் இருக்கவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் பிற பீடங்களையும் சேர்ந்த ஆசிரியர்கள் இவற்றை எழுத்திலும் பேச்சிலும் எடுத்துரைத்தனர். விவசாயப் பொருளியலாளர் சங்கத்தார் தேயிலை விளைச்சல் நூற்றுக்கு 35 வீதம் வரை வீழலாம் என மதிப்பிட்டனர். வெளிப்படையாகக் கண்டித்தோருள் முன்னின்றவர் பயிர் விஞ்ஞானப் பேராசிரியர் புத்தி மாரம்பே. அவ்வாண்டிலேயே விவசாய அமைச்சின்கீழ் அவர் வகித்த பதவிகளிலிருந்து அவரை நீக்கும்படி மந்திரியார் பணித்தார். ஆனால் பேராதனையிலே அவர் வகித்த பேராசிரியப் பதவியை எவராலும் பறிக்க முடியவில்லை. பல்கலைக்கழகம் அரசாங்கத் திணைக்களமாக இல்லாதிருப்பதன் பயன் இதுவே. திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் வாய் திறவாதிருக்கக் கூடிய இடத்திலே பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் பேச இயலும்.

2021 நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆயினும் செடி வர்த்தமானியை வாசிப்பதில்லை. ஒருமுறை பட்டினி கிடந்த செடி உடனே தேறுவதுமில்லை. 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாயிற்று. எரிபொருட் பஞ்சமும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் அவ்வீழ்ச்சிக்கு உடன்காரணங்கள். ஆயினும் உரமின்மை அவற்றுள் முதன்மையானது. இவ்விழப்பு கொழும்புக் கணக்கேடுகளில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 2021 மார்ச்சிலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென விதிக்கப்பட்டிருந்தது. கொழுந்து குறைந்தால் தராசிலே நிறை குறையும்; நிறை குறைந்தால் அரைப்பேர். ஓர் அலுவலகத்திலே வாசிக்கப்படாத கடிதம் ஒன்றின் விலையை இவ்வாறு மலையிலே கூடை சுமந்தவர்கள் கொடுத்தனர்.

பல்கலைக்கழகமும் தவறலாம்

இவற்றைக் கூறும்பொழுது, பல்கலைக்கழகத்திலிருந்து வருவதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ளலாகாது. வடமத்திய மாகாணத்திலே கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் கிளைபோசேட் என்னும் களைகொல்லியாக இருக்கலாம் என, ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆராய்ச்சியாளர் 2014-இலே ஒரு கருதுகோளை வெளியிட்டனர். அது கருதுகோள், நிறுவப்பட்ட முடிவன்று. எனினும் 2015-இலே நாடு முழுவதும் அம்மருந்து தடை செய்யப்பட்டது. அந்நோய் சிறிதும் பரவாத மலைநாட்டுத் தோட்டங்களிலும் களை முழங்காலளவு வளர்ந்தது. 2018-இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தவேண்டியதாயிற்று.

நோயுற்ற கமக்காரரின் துன்பம் மெய்யானது. அதற்குக் காரணம் தேடியோரைக் குறைகூற இடமில்லை. ஆனால் ஓர் ஆராய்ச்சியாளர் கூறுவதும் ஓர் அறிவுத்துறை கூறுவதும் வெவ்வேறு. பிறர் சோதித்து, மறுத்து, மீண்டும் சோதித்து எஞ்சுவதே துறையின் தீர்ப்பு. அரசாங்கம் தனக்கு உவப்பான ஒரு குரலைத் தெரிந்தெடுத்து, 'பல்கலைக்கழகம் கூறிவிட்டது' என்று சொல்லுமாயின், அது ஆலோசனை கேட்டதாகாது. தன் விருப்பத்துக்குச் சாட்சி தேடியதாகும். 2015-இலே ஒரு குரலை மாத்திரம் கேட்டதும், 2021-இலே பல குரல்களைக் கேளாது விட்டதும் ஒரே நோயின் இரு குறிகள்.

மீரியபெத்தை: கேட்டும் ஆகாத ஆலோசனை

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே 2014 அக்டோபர் 29-ஆந் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்பது எவரும் அறியாத இரகசியமன்று. பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே மண்சரிவு அபாயப் படங்களை வரையும் வேலை 1990-களிலேயே தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-இலும் 2011-இலும் அங்குள்ளோர் அகலவேண்டும் என எச்சரித்திருந்தனர். இந்நிறுவனம் பல்கலைக்கழகமன்று, ஆயினும் இங்கே காணும் படிப்பினை எல்லா ஆலோசனைக்கும் பொதுவானது.

அறிவு இருந்தது, அது கூறவும்பட்டது. கூறப்பட்டவர்க்கு அதன்படி நடக்கும் வலிமைதான் இல்லை. லயத்திலே வாழ்பவருக்கு நிலம் சொந்தமன்று, வீடும் சொந்தமன்று. 'அகலுங்கள்' என்றால் அவர்கள் செல்லும் இடம் எது? தோட்ட நிருவாகம், பிரதேச செயலகம், அமைச்சு ஆகிய மூன்றினிடையே பொறுப்பு கைமாறிக்கொண்டிருக்க, மலை காத்திருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்திலே மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. ஆகவே நிபுணர் அறிக்கை ஒன்று, 'இது அபாயம்' என்பதோடு நிற்றல் ஆகாது. இன்னார், இன்ன காலத்துக்குள், இன்ன செலவிலே, இன்ன இடத்துக்கு மக்களை மாற்றவேண்டும் என்பது வரை சொல்லுதல் வேண்டும். அங்ஙனம் சொல்வதற்கு மண்ணியல் மாத்திரம் போதாது. சட்டமும் பொருளியலும் சமூகவியலும் கூட வேண்டும். பல துறைகளும் ஒருங்கிருக்கும் இடம் பல்கலைக்கழகம் ஒன்றே.

பிறநாடுகள் கண்ட வழிகள்

இச்சிக்கல் நமக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானியாவிலே போதைப்பொருள் பற்றிய ஆலோசனைச் சபைக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் டேவிட் நட், அரசாங்கக் கொள்கைக்கு மாறாகப் பேசினார் என்று 2009-இலே நீக்கப்பட்டார். அதனை அறிஞருலகம் கண்டித்தமையால், 2010-இலே அவ்வரசாங்கம் விஞ்ஞான ஆலோசனை பற்றிய சில கோட்பாடுகளை வெளியிட்டது. ஆலோசகரின் கல்விச் சுதந்திரத்தை மதித்தல், அவர் கூற்றை ஏற்காவிடின் காரணங் கூறுதல் என்பன அவற்றின் சாரம். நீக்கம் அங்கும் நிகழ்ந்தது, இங்கும் நிகழ்ந்தது. அங்கே அதிலிருந்து ஒரு விதி பிறந்தது.

அமெரிக்காவிலே 1863-இலே ஏற்பட்ட தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சாசனம், அரசாங்கத் திணைக்களம் எது கேட்பினும் ஆராய்ந்து கூறவேண்டும் என்று கழகத்தைக் கடமைப்படுத்துகின்றது. அதே வேளை, செலவுப் பணமன்றி அச்சேவைக்கு ஊதியம் பெறலாகாது என்றும் விதிக்கின்றது. கேள்வி அரசாங்கத்தினது, விடை கழகத்தினது.

நம் நிலைக்கு மிக நெருங்கிய உதாரணம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளைப் பற்றியது. அம்மலைகளுள் அடங்கிய நீலகிரியிலே, 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் நம் தோட்டங்களிலிருந்து சென்ற உறவினர் பலர் வாழ்கின்றனர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த மாதவ் காட்கில் தலைமையிலே 2010-இல் அமைந்த நிபுணர் குழு 2011 ஆகஸ்டிலே தன் அறிக்கையைக் கொடுத்தது. அமைச்சு அதனை உடனே வெளியிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடிய பின்னரே 2012 மே மாதத்திலே அது வெளிவந்தது. அடுத்து வேறொரு குழு அமைக்கப்பட்டு, காப்பதற்குரிய பரப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டது. காட்கில் குழுவினர் வற்புறுத்திய கருத்தொன்று நம் கவனத்துக்குரியது. அவ்வறிக்கையை உள்ளூர் மொழிகளிலே கிராம சபைகள் வாசித்து விவாதித்து முடிவு காணவேண்டும் என்றனர்.

செய்யத்தக்கவை

மேலே கண்டவற்றிலிருந்து சில நெறிகள் தாமே புலப்படுகின்றன. திட்டம் முடிவாகுமுன், மாற்றுவழிகள் திறந்திருக்கும்போதே ஆலோசனை கேட்கப்படல் வேண்டும். ஆய்வுச் செலவைத் திட்டக்காரர் கொடுக்கலாம். ஆனால் அப்பணம் ஒரு பொதுநிதிக்குச் சென்று, ஆய்வாளரைப் பிறிதோர் அமைப்புத் தெரிவு செய்தல் வேண்டும். குழுவிலே மாறுபட்ட கருத்துடையோரும் இடம்பெற்று, அவர் மறுப்பும் அறிக்கையிலே பதியப்படல் வேண்டும். ஆலோசனையை ஏற்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் உரிமை. மக்கள் வாக்குப் பெற்றவர் அவரேயன்றிப் பேராசிரியர் அல்லர். ஆனால் மறுக்கும்போது காரணத்தை எழுத்திலே கூறுவது அவர் கடமை. ஆலோசனை கூறியமைக்காக எவரும் பதவி இழத்தல் ஆகாது.

எல்லாவற்றினும் மேலாக, அறிக்கை பகிரங்கமாதல் வேண்டும்; பாதிக்கப்படுவோர் மொழியிலே கிடைத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நமக்கொரு கருவியைத் தந்திருக்கின்றது. பெரிய திட்டங்களைப் பற்றிய விபரங்களைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே வெளியிடவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆயினும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஓர் ஆங்கில அறிக்கை ஒரு கந்தோரின் மேசையிலே 30 நாள் திறந்து கிடப்பதனால், லயத்திலே வாழும் தமிழ்த் தொழிலாளி அதனை அறிந்தவராகமாட்டார். அறிக்கையின் சுருக்கத்தைத் தெளிந்த தமிழில் எழுதித் தோட்டத்துக் கோயிலடியிலும் பாடசாலையிலும் வாசித்து விளக்குவார் வேண்டும்.

அங்கேதான் நம் போன்ற கல்லூரிகளுக்கும் ஒரு பணி காத்திருக்கின்றது. பதுளையிலே 2005-ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. தேயிலைத் தொழினுட்பத்தை ஒரு பட்டக் கல்வியாகவே அது போதிக்கின்றது. பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை உள்ளது. எந்தப் பீலி எவ்வாண்டிலே வற்றியது, எச்சரிவிலே நிலம் முதலில் வெடித்தது, எம்மலையிலே கொழுந்து குறைந்தது என்பவற்றை நாள்தோறும் காண்பவர் அங்குள்ள தொழிலாளர். உயர்வகுப்பு மாணவர்கள் அவற்றைத் தேதியுடன் குறித்து வைப்பாராயின், நாளைய நிபுணருக்கு அது பெறுதற்கரிய சான்றாகும். கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியிலே எழுதுவதற்குப் பட்டம் தேவையில்லை. சுரங்கம் தோண்டுமுன் நீர்மட்டம் என்ன என்று எவராவது எழுதி வைத்திருந்தால், நட்டஈடு கேட்டவர் பலர் தம் வழக்கை எளிதிலே நிறுவியிருப்பர். நம் மாணவருள் மண்ணியலும் நீரியலும் சட்டமும் கற்றுத் தமிழிலே அறிக்கை எழுதவல்லார் சிலரேனும் தோன்றுவாராயின், அது பரீட்சைப் பெறுபேறுகளினும் பெரிய பேறாகும்.

வள்ளுவர் காலத்திலே சான்றோர் அறிவுரை அரசன் ஒருவனுக்கே உரியதாயிருந்தது. ஏனெனில் ஆள்பவன் அவன். குடியாட்சியிலே ஆள்பவர் மக்கள். ஆகவே பல்கலைக்கழகம் அரசாங்கத்துக்குக் கூறும் ஆலோசனை, உண்மையிலே மக்களுக்குச் செல்லவேண்டிய ஆலோசனை. அரசாங்கம் அதனைப் பெற்றுக் கொடுக்கும் கையே. அக்கை மூடிக்கொண்டால் திறக்கும்படி கேட்கும் உரிமை கொழுந்து பறிப்பவருக்கும் உண்டு, பாடம் படிப்பவருக்கும் உண்டு. அவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தும் மக்கள் உள்ள நாட்டிலேதான் அறிஞர் அஞ்சாது பேசுவர். அவர் பேச்சும் பயன்படும்.